எந்த வருஷத்து ஜீப்பு அது? பழைய ராணுவ வண்டிகளின் பெயின்டும் அடையாளக் குறிகளும்

ரங்கூன் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. பழைய வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் சொல்வார்: "அண்ணே, மிலிட்டரி பச்சை அடிச்சு, பானெட்டுல ஒரு வெள்ளை ஸ்டார் போட்டுக் குடுங்க. நல்லாப் பளபளன்னு இருக்கணும்." பெயின்டர் அண்ணனும் சரி தம்பி என்பார். பத்து நாளில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம் போல ஒரு ஜீப்பு வெளியே வரும். கல்யாண ஊர்வலத்துக்கு அது போதும். ஆனால் 1945இல் மாந்தலேக்குள் நுழைந்த ஜீப்பு எதுவும் அப்படி இருந்ததில்லை.

'மிலிட்டரி பச்சை' என்று ஒரே ஒரு நிறம் கிடையாது. போர்க்கால வண்டி பளபளக்காது, பளபளக்கவும் கூடாது. வெள்ளை நட்சத்திரமோ எல்லாப் படைக்கும் எல்லாக் காலத்துக்கும் பொதுவானதில்லை. பழைய ராணுவ வண்டியைப் புதுப்பிக்க நினைக்கிறவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது நிறத்தை அல்ல, தேதியை. எந்த வருஷம், யார் கையில் இருந்த வண்டியாக இதைக் காட்டப்போகிறோம்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் நிறமும் பளபளப்பும் எழுத்தும் எண்ணும் ஒவ்வொன்றாகத் தானே வந்து சேரும். பதில் இல்லாமல் பெயின்ட் கடைக்குப் போனால் கடைக்காரர் கையில் இருக்கும் பச்சைதான் உங்கள் பச்சை.

ஒரே வண்டி, பல பிறவி

பர்மாவில் இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிடச் சிக்கலானது. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர்க்காலத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அவற்றில் ஒரு பகுதி அமெரிக்கப் படையோடு வடக்கே லெடோ சாலைக்கு வந்தது. அந்தச் சாலையின் முதல் வண்டி வரிசை 1945 ஜனவரி 12இல் அசாமின் லெடோவிலிருந்து கிளம்பி, பிப்ரவரி 4இல் சீனாவின் குன்மிங்கைச் சேர்ந்தது. இன்னொரு பகுதி பிரிட்டிஷ் இந்தியப் படைகள் அடங்கிய 14ஆம் ராணுவத்தில் ஓடியது. போர் முடிந்ததும் தேவைக்கு மிஞ்சியவை இங்கேயே நின்றுவிட்டன. 1948 ஜனவரி 4இல் சுதந்திரம் வந்தபின் சில புதிய பர்மா ராணுவத்துக்குப் போயின, சில வியாபாரிகள் கைக்கு வந்தன. அப்புறம் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வீட்டுக்கு வீடு நிறம் மாறியது. எஞ்சினே டீசலாக மாறிய ஜீப்புகளும் நிறைய.

லாரிகளின் கதை இதைவிட நீளம். கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் படைகளுக்காகச் செய்த மொண்ணை மூக்கு லாரிகள் நான்கு லட்சத்துக்கும் மேல். ரங்கூனில் அந்தச் செவர்லே சேசிஸ்கள்மேல் மரத்தில் பாடி கட்டி, பஸ்ஸாகப் பல பத்தாண்டு ஓட்டினார்கள். நம்மவர்களில் ஒரு தலைமுறையே அதில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறது. 1970 டிசம்பர் 6இல் நாட்டின் போக்குவரத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். அமெரிக்க ஜீப்புக்கு ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் அன்று முதல்தான் இந்தத் தெருக்கள் அதற்குத் தோதாயின. வலப்பக்க ஸ்டியரிங் வைத்த லாரிகளுக்கு நேர்மாறான கதி. பெயின்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஆக, இன்று உங்கள் முன்னால் நிற்கும் வண்டி ஒரே உடம்பில் நாலைந்து பிறவி எடுத்தது. 'ஒரிஜினல்' என்று சொல்லும்போது எந்தப் பிறவியைச் சொல்கிறோம்?

தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு டாங்கியின் கதையைச் சொல்லலாம். 1942 பிப்ரவரியில் பிரிட்டனின் 7ஆவது கவசப் பிரிகேட் தன் ஸ்டூவர்ட் டாங்கிகளோடு ரங்கூன் துறைமுகத்தில் இறங்கியது. பின்வாங்கல் முடிந்து மே மாதம் சிந்துவின் ஆற்றங்கரைக்கு வந்தபோது, டாங்கிகளை அக்கரைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் அவர்களே அழித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று மட்டும் ஆற்றைத் தாண்டியது. அதன் பெயர் 'தி கர்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்து'. அதே டாங்கி பின்னால் மேல்கோபுரம் கழற்றப்பட்டு, இந்தியாவின் 7ஆவது குதிரைப்படை ரெஜிமென்ட்டில் தளபதி வண்டியாகி, மறுபடியும் பர்மாவுக்குள் வந்தது. இப்போது அதன் மாதிரியை ஒருவர் செய்கிறார் என்று வையுங்கள். 1942க்குச் செய்தால் ஒரு பிரிகேட்டின் குறி, 1945க்குச் செய்தால் வேறு ரெஜிமென்ட், வேறு குறி, உடம்பிலேயே ஒரு பாதி இல்லை. இரண்டையும் கலந்து அடித்தால் அது எந்த நாளிலும் இருந்திராத ஒரு டாங்கி.

பச்சையா, பழுப்பா?

அமெரிக்க வண்டிகளின் போர்க்கால நிறத்துக்கு ஆலிவ் டிராப் என்று பெயர். பச்சை என்று நாம் சொன்னாலும், அடிப்படையில் அது மஞ்சள் காவியும் கறுப்பும் சேர்ந்த கலவை. அதனால் அதில் பழுப்பு நெடி எப்போதும் இருக்கும். புதிதாக அடித்தபோது இருண்டு தெரியும், வெயிலில் கிடந்தால் சாம்பலும் பழுப்புமாக வெளுக்கும். இலைப் பச்சை, பாசிப் பச்சை எல்லாம் பிற்காலத்தவை. இங்கே பலர் அடித்துவைத்திருக்கும் பச்சை, 1970களின் ராணுவப் படங்களைப் பார்த்துக் கண்ணில் பதிந்த பச்சை.

பெயின்ட் எண்களில் ஒரு குழி இருக்கிறது. 34087 என்ற எண்ணை 'ஒரிஜினல் இரண்டாம் உலகப்போர் பச்சை' என்று சொல்லி விற்பார்கள். அந்த ஐந்து இலக்க எண்முறை அமெரிக்க அரசின் ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595 என்ற நிறத் தொகுப்பைச் சேர்ந்தது. அது முதலில் வெளியானது 1956இல். போர் முடிந்து பதினோரு வருஷம் கழித்து வந்த எண் 1944ஆம் வருஷத்து டப்பாவில் எப்படி இருக்கும்? போதாததற்கு, அதே எண்ணுக்கு உரிய சாயலும் பதிப்புக்குப் பதிப்பு நகர்ந்திருக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்களில் பலர் போர்க்கால ஜீப்புக்கு 33070 என்ற எண் நெருக்கமானது என்கிறார்கள். அதுவும் 'நெருக்கம்' மட்டுமே. எண்ணை நம்புவதைவிட, உங்கள் வண்டியில் மூடிக் கிடந்த ஓர் இடத்தின் பழைய பெயின்டை நம்புங்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிரிட்டிஷ் நிறங்கள் இன்னும் வேகமாக மாறின. போரின் தொடக்கத்தில் காக்கிப் பச்சை. அப்புறம் பச்சை நிறமி தட்டுப்பாடு. பச்சை நிறம் தரும் குரோமியம் ஆக்சைடு வண்டிகளுக்கும் விமானங்களுக்கும் சேர்த்தே தேவைப்பட்டதால், வண்டிகளை எஸ்சிசி 2 என்ற பழுப்புக்கு மாற்றினார்கள். 1944 ஏப்ரலில் எஸ்சிசி 15 என்ற ஆலிவ் டிராப் வந்தது. அமெரிக்காவிலிருந்து வரும் வண்டிகளுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் வேலை மிச்சமாகட்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். இதெல்லாம் பிரிட்டனில் நடந்தது. பர்மா முனைக்கு வந்த வண்டிகளில் கணிசமானவை இந்தியாவில் கோத்து முடிக்கப்பட்டவை. காட்டுப் போருக்கு ஏற்ற அடர்பச்சைகளை இங்கே விரும்பினார்கள். லண்டனில் வந்த உத்தரவை அப்படியே பர்மா எல்லையோரப் போர்க்களமான கொஹிமா மலைக்கும் பொருத்திப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

பளபளப்பின் கணக்கு

பட்டறையில் அதிகம் வாக்குவாதம் வருவது நிறத்தில் இல்லை, பளபளப்பில்தான். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பெயின்ட் என்பது அடிப்படையில் இரண்டு சரக்கு: நிறம் தரும் தூள், அந்தத் தூளை ஒட்டிப் பிடிக்கும் பிசின். பிசின் அதிகமாக இருந்தால் அது மேலே சமமான படலமாகக் காயும். வெளிச்சம் அதில் பட்டு ஒரே திசையில் திரும்பும், பளபளக்கும். தூள் அதிகமாக இருந்தால் பிசினைத் தாண்டித் துகள்கள் மேலே துருத்தி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டாகி, வெளிச்சம் நாலா திசையிலும் சிதறும். அதுதான் மேட். போர்க்களத்தில் ஒரு பானெட் பளிச்சென்று மின்னினால் மேலே பறக்கும் விமானத்துக்கு மைல் கணக்கில் தெரியும். அதனால் அமெரிக்கப் படை போர்க்காலத்தில் தன் வண்டிகளுக்குப் பளபளப்பே இல்லாத பூச்சு என்று விதி வைத்தது. போருக்குப் பின், அமைதிக் காலத்தில், பாதிப் பளபளப்புக்குப் போனார்கள். அணிவகுப்புக்கு அழகு, கழுவவும் சுலபம். ஆக, பளபளப்பின் அளவே ஒரு தேதிதான்.

முன்னே சொன்ன ஐந்து இலக்க எண்ணில் இதற்கும் ஒரு குறிப்பு உண்டு. முதல் இலக்கம் 1 என்றால் முழுப் பளபளப்பு, 2 என்றால் பாதி, 3 என்றால் மேட். 24087, 34087 இரண்டுக்கும் நிறம் ஒன்றுதான், மினுமினுப்பு மட்டும் வேறு. கடையில் கேட்கும்போது இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. எண்ணின் கடைசி நான்கை மட்டும் பார்த்துவிட்டு டப்பாவை எடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு.

மேட் பூச்சு மழையில் நனைந்தால் அடர்ந்து கறுத்துத் தெரியும். சிலேட்டை நனைத்தால் கறுப்பதும் காய்ந்தால் சாம்பலாவதும் எல்லோரும் பார்த்ததுதானே? அதே கதைதான் இது. மேடு பள்ளத்தைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் வெளிச்சம் சிதறுவது குறைகிறது. ஆகவே ஈரமான வண்டியை வைத்து நிறம் பொருத்திப் பார்க்காதீர்கள். எண்ணெய் தடவி, மெழுகு போட்டு "நிறம் நல்லா எடுக்குது பாருங்க" என்பதும் இதே வித்தைதான். மேட் பூச்சின்மேல் போட்ட மெழுகு திட்டுத் திட்டாக மினுங்கும், அப்புறம் அதை எடுக்கவே முடியாது.

மேட் பெயின்டை அடிப்பது பளபளக்கிற பெயின்டைவிடக் கடினம் என்பதைப் புதியவர்கள் யாரும் நம்புவதில்லை. பளபளப்பில் ஒரு தூசி விழுந்தால், வழிந்தால், காய்ந்தபின் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட்டுவிடலாம். மேட் பூச்சைத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும். ஒட்டுவேலைக்கு இடமே இல்லை, அந்தப் பகுதி முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டியதுதான். மேட் ஆக்கும் தூள் கனமானது, டப்பாவின் அடியில் தங்கிவிடும். நன்றாகக் கலக்காமல் மேலே இருப்பதை ஊற்றி அடித்தால் முதல் மட்கார்டு மின்னும், கடைசி மட்கார்டு சுண்ணாம்பாகத் தெரியும். கனமாக அடித்த இடம் ஒரு விதமாகவும் லேசாக அடித்த இடம் இன்னொரு விதமாகவும் காயும். ஆகவே கடைசிப் பூச்சை நிறுத்தாமல், ஈர ஓரம் காய்வதற்குள் அடுத்த வரியை ஏற்றி, ஒரு பகுதியை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும்.

நம் ஊர் மழை வேறு. ரங்கூனில் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது, அதில் மிகப் பெரும்பங்கு மே முதல் அக்டோபர் வரை. அந்த மாதங்களில் காற்றில் இருக்கும் ஈரம் காயும் பெயின்டின்மேல் படிந்து வெள்ளைப் பூத்துவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வறண்ட காலத்தில் கடைசிப் பூச்சை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அவசரம் என்று ஆடி மாதத்தில் அடித்துக் கொடுக்கச் சொல்லும் ஓனர்களைப் பெயின்டர்கள் வாய்க்குள் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

மேட் பூச்சின் ஆயுளும் குறைவு. தூளைப் போர்த்தப் பிசின் போதாததால் வெயில் சீக்கிரம் அதை உடைக்கும். கையை வைத்துத் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டும். கை படும் இடங்களில் எண்ணெய் ஏறிக் கதவோரமும் ஸ்டியரிங் பக்கத்துப் பாடியும் மெருகேறும். போர்க்காலப் படங்களைப் பார்த்தால் இந்தத் திட்டுகள் தெரியும். ஆகவே அவை குறை அல்ல. வெற்றிலைக் கறை வேறு விஷயம். மேட் பூச்சு அதை உறிஞ்சிக்கொள்ளும், எந்தச் சோப்புக்கும் அசையாது. வண்டியைத் தெருவில் நிறுத்துகிறவர்கள் இடம் பார்த்து நிறுத்துங்கள்.

இன்றைய கார் பட்டறைகளில் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்டில் மேட்டாக்கும் சேர்க்கை போட்டு அடிக்கிறார்கள். போர்க்காலத்துப் பெயின்ட் அது இல்லை, ஆனால் மழைக்கு நிற்கும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு நான் இதையே சொல்வேன். அருங்காட்சியகத்தில் நிற்கப்போகிற வண்டிக்கு மட்டும் பழைய பாணி எனாமல். எதுவானாலும் மேலே பளபளக்கும் கிளியர் கோட் மட்டும் வேண்டாம். அது வந்துவிட்டால் கீழே எவ்வளவு சரியான நிறம் இருந்தும் பயனில்லை.

குறிகள் என்ன பேசுகின்றன

வண்டியின்மேல் எழுதியிருப்பதில் அலங்காரம் எதுவும் கிடையாது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு அவசரமாகத் தெரியவேண்டிய தகவல்.

அமெரிக்க ஜீப்பின் பானெட் ஓரத்தில் இருக்கும் ஏழு அல்லது எட்டு இலக்க எண் பதிவு எண். ஜீப்பு வகைக்கு அது 20இல் தொடங்கும், இரண்டரை டன் லாரிக்கு 4இல் தொடங்கும். ஜீப்பில் 4இல் தொடங்கும் எண்ணைப் பார்த்தால் யாரோ அழகுக்குப் போட்டது என்று தெரிந்துகொள்ளலாம். எண்ணுக்குப் பின்னால் எஸ் என்ற ஆங்கில எழுத்து இருந்தால், ரேடியோவில் இரைச்சல் வராதபடி எஞ்சினின் மின்பொறிகள் அடக்கப்பட்ட வண்டி என்று அர்த்தம். ஆரம்ப வருஷங்களில் இந்த எண்ணை மங்கலான நீலத்தில் எழுதினார்கள். பக்கத்தில் போனால் படிக்கலாம், தூரத்தில் மறைந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படங்களில் அது பெரும்பாலும் தெரிவதே இல்லை. அதைப் பார்த்துவிட்டு "எண்ணே இல்லாத ஜீப்பு" என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. போர் முடிவதற்குள் வெள்ளைக்கு மாறிவிட்டார்கள்.

வெள்ளை நட்சத்திரம் 1942இல் அமெரிக்க வண்டிகளின் தேசிய அடையாளமானது. அதே வருஷம் மே மாதத்தோடு முடிந்த பர்மா பின்வாங்கலில் ஓடிய பிரிட்டிஷ் லாரிக்கு அதைப் போட்டால் பொருந்தாது. பிற்பாடு நேச நாட்டு வண்டிகள் பலவற்றில் அது பொது அடையாளமாக ஏறியது. பர்மாவில் ஓடிய லீ டாங்கிகளின் பக்கவாட்டிலும் அதைப் பார்க்கலாம். நம் விமானம் நம்மையே சுடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. விமானங்களுக்கும் இதே கவலை இருந்தது. அமெரிக்க விமான நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்புப் புள்ளியை 1942 மே மாதத்தில் எடுத்துவிட்டார்கள். இந்தப் பகுதியில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டக் குறியிலிருந்தும் சிவப்பு போனது. ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிவிடக்கூடாது என்பதே காரணம்.

பிரிட்டிஷ், இந்தியப் படை வண்டிகளில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து வரும். லாரிக்கு எல், சிறு டிரக்குக்கு இசட், காருக்கும் ஜீப்புக்கும் எம், மோட்டார் சைக்கிளுக்கு சி, டாங்கிக்கு டி. ஆகவே பிரிட்டிஷ் கைக்குப் போன ஜீப்பு என்றால் பானெட்டில் எம். அமெரிக்க எண்ணும் பிரிட்டிஷ் டிவிஷன் குறியும் ஒரே வண்டியில் இருந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

டிவிஷன் குறிகள்தான் எனக்கு மிகப் பிடித்தவை. 5ஆவது இந்திய டிவிஷனுக்குக் கறுப்பில் சிவப்பு நெருப்புப் பந்து. 7ஆவதுக்குத் தங்க அம்பு. மாந்தலேயைப் பிடித்த 19ஆவதுக்குக் குத்துவாள். பிரிட்டனின் 2ஆவது டிவிஷனுக்குக் குறுக்காக வைத்த இரண்டு சாவி. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த 11ஆவதுக்குக் காண்டாமிருகம், மேற்கு ஆப்பிரிக்காவின் 81ஆவதுக்குச் சிலந்தி. எதிரிக்குப் படையின் பெயர் தெரியாமல், நம் ஆளுக்கு மட்டும் சட்டென்று புரிய வேண்டும் என்பதற்காக வந்த முறை இது. 17ஆவது இந்திய டிவிஷனின் குறி நமக்கு நல்ல பாடம். 1942 பிப்ரவரி 23இல் சிட்டாங் பாலம் தகர்க்கப்பட்டபோது ஏராளமான ஆட்களும் வண்டிகளும் அக்கரையில் மாட்டிக்கொண்ட டிவிஷன் அது. அப்போது அதன் குறி மின்னல். தோற்றுத் திரும்பியபின் அந்தக் குறியை விட்டுவிட்டுக் கறுப்புப் பூனையை எடுத்துக்கொண்டது. 1945 மார்ச்சில் மெய்த்திலாவைப் பிடித்தது பூனைதான். சிட்டாங் கரையில் நின்ற லாரி என்று சொல்லிப் பூனை வரைந்தால் அதைக் கண்டுபிடிக்க ஒரு பார்வை போதும்.

டிவிஷன் குறியோடு ஒரு வண்ணச் சதுரமும், அதில் வெள்ளை எண்ணும் இருக்கும். டிவிஷனுக்குள் எந்தப் பிரிவு என்பதை அது சொல்லும். பீரங்கிப் படைக்கு மேலே சிவப்பு, கீழே நீலம். சரக்கு லாரிகளுக்குக் குறுக்காகச் சிவப்பும் பச்சையும். தகவல் தொடர்புக்கு வெள்ளையும் நீலமும். பொறியாளர்களுக்குக் கோபால்ட் நீலம். மெட்ராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியாளர்கள் இந்தப் போர்முனையில் சாலையும் பாலமும் போட்டவர்கள். அவர்களின் வண்டியாகச் செய்ய நினைக்கும் தமிழர் யாராவது இருந்தால் அந்த நீலத்தை நினைவில் வையுங்கள்.

முன்பக்கம் மஞ்சள் வட்டத்தில் கறுப்பு எண் ஒன்று இருக்கும். பலர் அதை வண்டியின் வரிசை எண் என்று நினைக்கிறார்கள். அது பாலத்துக்கான எடை வகுப்பு. பாலத்தின் முகப்பிலும் ஓர் எண் இருக்கும். வண்டியின் எண் அதைத் தாண்டினால் ஏறக்கூடாது. 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்துவின் ஆற்றின்மேல் போட்ட பெய்லி பாலம் (துண்டு துண்டாகக் கொண்டுவந்து பொருத்தும் இரும்புப் பாலம்) 1,154 அடி நீளம், அன்றைக்கு உலகிலேயே அதுதான் மிக நீளமான பெய்லி பாலம். இப்படி மிதவைகள் தாங்கும் பாலங்கள்மேல் ஒரு ராணுவமே கடந்துபோகும்போது, காவலுக்கு நிற்கும் ஆள் ஒவ்வொரு டிரைவரிடமும் எடை கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? மஞ்சள் வட்டத்தைப் பார்த்துக் கையசைத்து அனுப்புவார், அல்லது நிறுத்துவார்.

அமெரிக்க வண்டிகளில் சக்கரத்துக்கு மேலே டி.பி. என்ற எழுத்துகளோடு ஓர் எண் வரும். ஜீப்புக்கு 35. டயரில் அடிக்க வேண்டிய காற்று, அவ்வளவுதான்.

எழுதிய விதத்தையும் கவனியுங்கள். தொழிற்சாலையிலும் டிப்போவிலும் தகரத்தில் வெட்டிய ஸ்டென்சில். களத்தில் சின்ன பிரஷ், நடுங்கும் கை. இன்று எல்லாவற்றுக்கும் வினைல் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறார்கள். மேட் பூச்சின்மேல் ஸ்டிக்கரின் ஓரம் மினுங்கும், இரண்டு மழையில் மூலை தூக்கும். அந்த ஸ்டிக்கரையே ஸ்டென்சிலாக வெட்டி, மேலே மேட் வெள்ளையைப் பஞ்சிலோ பிரஷிலோ ஒற்றி எடுத்தால் செலவும் குறைவு, பார்க்கவும் நிஜம். ரங்கூன் தெருக்களில் கடைப்பலகை எழுதிப் பழகிய கைகள் இன்னும் இருக்கின்றன. பூனையையும் காண்டாமிருகத்தையும் அவர்களிடம் கொடுங்கள், கம்ப்யூட்டரிடம் வேண்டாம்.

ஒரு நடைமுறை எச்சரிக்கை. இன்றைய ராணுவத்தின் நிறம், எண், சின்னம் எதையும் சொந்த வண்டியில் போடாதீர்கள். 1945 என்பது யார் பார்த்தாலும் 1945 என்று தெரிய வேண்டும்.

வண்டியின் உடம்பைப் படிப்பது

புத்தகமும் படமும் பொதுவான விதியைச் சொல்லும். உங்கள் வண்டிக்கு என்ன நடந்தது என்பது அதன் தோலில்தான் இருக்கிறது. ஆகவே பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டி எடுக்கும் முன், மணல் பீய்ச்சும் இயந்திரத்துக்கு அனுப்பும் முன், இதைச் செய்யுங்கள்.

தட்டையான ஓர் இடத்தில், ஒரு காசு அகலத்துக்கு, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். 400ஆம் எண் தாளில் தொடங்கி, இன்னும் மென்மையான 1000க்குப் போகலாம். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் ஆழமில்லாமலும் தேயும்போது ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக விரியும். நடுவில் தகரம், அதைச் சுற்றிப் பிரைமர், அப்புறம் தொழிற்சாலை நிறம், அதற்கு மேல் மற்றவை. பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டு, வளையங்களை உள்ளிருந்து எண்ணுங்கள். ஒரே இடத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பானெட்டில் ஆறு பூச்சு இருக்கும், பின்பக்கம் மூன்றுதான் இருக்கும். மட்கார்டு வேறொரு வண்டியிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம்.

பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். மாஸ்க் போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், வேலை முடிந்து கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

உண்மையான நிறத்துக்கு வெயில் படாத இடங்களைத் தேடுங்கள். டேஷ்போர்டில் இருக்கும் தகவல் தகடுகளுக்கு அடியில், பெட்ரோல் டாங்கைத் தூக்கினால் அதன் கீழ், டூல் பெட்டி மூடியின் உள்பக்கம், விளக்குக்குப் பின்னால். ஜீப்பின் தகவல் தகட்டில் ராணுவத்திடம் ஒப்படைத்த தேதியும் பொறித்திருக்கும். தகடு ஒரிஜினல்தானா, புதிதாக வாங்கி ஒட்டியதா என்பதைச் சேசிஸ் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் எண் போடும் இடமும் முறையும் வேறு. ஃபோர்ட் தன் போல்ட்டுகளின் தலையில்கூட எஃப் எழுத்தைப் போட்டு அனுப்பியது.

மறைந்த எழுத்துகளைத் தேட ராத்திரிதான் நல்லது. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தகரத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நாலு பூச்சுக்கு அடியில் இருக்கும் நட்சத்திரத்தின் விளிம்பு மெல்லிய வரம்பாக எழும்பித் தெரியும். தெரிந்தால் உடனே தேய்த்துப் பார்க்கத் தோன்றும். முதலில் டிரேசிங் பேப்பரை ஒட்டி விளிம்பைப் பென்சிலில் வரைந்துகொள்ளுங்கள், அளவு நாடாவோடு படம் எடுங்கள், அப்புறம் தேயுங்கள். எழுத்தின் உயரமும் இடைவெளியும் ஒரிஜினல் ஸ்டென்சிலிலிருந்து கிடைப்பது பெரிய வரம்.

சில வண்டிகளில் முதல் பெயின்டே பெரும்பகுதி பிழைத்திருக்கும். அதைப் புதுப்பிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. துருவை நிறுத்தி, தளர்ந்ததை ஒட்டி, அப்படியே விட்டுவிடலாம். இன்னொரு கட்சியும் உண்டு. சிவப்பு ஜீப்பாகத்தான் அதை வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள், அப்பா வாங்கியபோது சிவப்பு, சிவப்பாகவே இருக்கட்டும் என்பார்கள். எனக்கு அதில் ஆட்சேபமில்லை. அதுவும் ஒரு தேதிதானே.

கடைசியாகப் படங்கள். கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தை ஊகிக்காதீர்கள். அந்தக் காலத்துச் சில ஃபிலிம்களுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகப் பதியும். நீலம் வெளுத்துப் பதியும். ஆனால் குறிகளின் இடத்துக்கும் எழுத்தின் வடிவத்துக்கும் படத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ லாரி டிரைவராகவோ ஃபிட்டராகவோ வண்டிக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படம் வீட்டுப் பெட்டியில் இருக்கலாம். அதில் இதுவரை அவர் முகத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். இந்தத் தடவை அவர் தோளுக்குப் பின்னால் தெரியும் பம்பரைப் பாருங்கள். பெரிதாக ஸ்கேன் செய்யுங்கள், படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து. ஊரும் வருஷமும் பெரும்பாலும் அங்கேதான் பென்சிலில் எழுதியிருக்கும்.